‘கடவுள் செய்வது நன்றே’: பாக்கின் 99ஆம் கன்டாட்டாவைச் சிறு குழுவோடு அரங்கேற்றுவது எப்படி

முதலில் சரியான நோட்டை வாங்குங்கள். சாதாரண விஷயம் போலத் தெரியும், ஆனால் இந்தப் படைப்பில் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. “வஸ் கொட் டூட், தஸ் இஸ்ட் வோல்கெடான்” (கடவுள் செய்வது நன்றே) என்ற ஒரே தலைப்பில் யோஹான் செபாஸ்டியன் பாக் மூன்று கன்டாட்டாக்கள், அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த பல பாக வழிபாட்டு இசைப் படைப்புகள், எழுதியிருக்கிறார். பாக் படைப்புப் பட்டியலில் அவற்றின் எண்கள் 98, 99, 100. தலைப்பை மட்டும் சொல்லி வரவழைத்தால் எது வேண்டுமானாலும் வரலாம்.

98ஆம் எண் 1726 நவம்பர் 10க்கு எழுதியது. கம்பி வாத்தியங்களும் அவற்றோடு சேர்ந்தொலிக்கும் ஓபோக்களும் போதும். முடிவில் கோரல், அதாவது எல்லோரும் சேர்ந்து பாடும் ஞானப்பாட்டுச் சரணம், கிடையாது. 100ஆம் எண் 1730களைச் சேர்ந்தது. ஞானப்பாட்டின் ஆறு சரணங்களையும் ஒரு சொல் மாற்றாமல் எடுத்துக்கொண்டது. இரண்டு கொம்புகளும் டிம்பனி முரசுகளும் வேண்டும். நடுவில் இருக்கிற 99தான் சிறு குழுவுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஆர்ப்பாட்டம் இல்லை, ஆனால் ஒரு பாகம்கூட வீண் இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு. 99இன் முதல் பாகத்தைத்தான் பாக் பிற்பாடு கொம்புகளும் முரசும் சேர்த்து 100இன் முதல் பாகமாக்கினார். இரண்டுமே ஜி மேஜர். ஆகவே ஆல்டோ வரிசையில் யாராவது 100ஆம் எண் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முதல் ஒத்திகையில் தெரியாது. இரண்டாம் பாகத்துக்கு வந்த பிறகுதான் அவர் திருதிருவென விழிப்பார். முதல் நாளே எல்லோரையும் அட்டையில் உள்ள எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

பதிப்பைப் பொறுத்தவரை பெரன்ரைட்டர், பிரைட்கோப், கருஸ் மூன்றும் நம்பகமானவை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் 19ஆம் நூற்றாண்டின் பாக் கெசெல்ஷாஃப்ட் பதிப்பில் 22ஆம் தொகுதியைப் பாருங்கள். 91 முதல் 100 வரையிலான கன்டாட்டாக்கள் அதில் இருக்கின்றன, பதிப்புரிமை முடிந்தது. அதில் குரல் பகுதிகள் பழைய சி கிளெஃபில், அதாவது இன்று பாடகர்கள் பயன்படுத்தாத சுருதிக் குறியில், இருக்கும். அதற்குப் பழகாத பாடகருக்கு அதைக் கொடுத்தால் முதல் இரண்டு ஒத்திகை வீணாகும். நடத்துநர் மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும்.

எதற்காக எழுதப்பட்டது

1724 செப்டம்பர் 17, திரித்துவ ஞாயிறுக்குப் பின் வரும் 15ஆம் ஞாயிறு. லைப்சிக்கில் தாமஸ் பள்ளியின் கேன்டராக (தேவாலய இசைப் பொறுப்பாளராக) பாக்குக்கு அது இரண்டாம் ஆண்டு. வாரம் ஒரு லூத்தரன் ஞானப்பாட்டை எடுத்து, அதன் முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் அப்படியே வைத்து, இடைச் சரணங்களை ரெசிட்டேட்டிவ் (பேச்சு நடையில் பாடுவது), ஆரியா (தனிக்குரல் பாடல்) என்று மாற்றியமைத்த வரிசை அது. இந்தப் பாட்டை எழுதியவர் சாமுவேல் ரோடிகஸ்ட். நோயில் கிடந்த நண்பரும் யேனா நகரக் கேன்டருமான செவெருஸ் கஸ்டோரியுஸுக்காக எழுதினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மெட்டு அந்த நண்பருடையது என்பார்கள்.

அன்றைய வேதபாடம் மத்தேயு 6:24–34. ஆகாயத்துப் பறவைகள், காட்டுப் புஷ்பங்கள், “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.” இந்தக் கடைசி வரி நான்காம் பாகத்தின் ரெசிட்டேட்டிவில் கிட்டத்தட்ட அப்படியே வருகிறது. பாடுபவர் அந்த இடத்தைத் தெரிந்து பாட வேண்டும்.

பாகங்கள் ஆறு. தொடக்கக் குழுப்பாடல், பேஸ் ரெசிட்டேட்டிவ், புல்லாங்குழலோடு டெனர் ஆரியா, ஆல்டோ ரெசிட்டேட்டிவ், குழலும் ஓபோ தமோரும் சேர்ந்த சோப்ரானோ–ஆல்டோ டூயட், நிறைவுக் கோரல். மொத்தம் 18 முதல் 20 நிமிடம்.

எத்தனை பேர் வேண்டும்

குறைந்தபட்சம் 13 பேர். பகுதிக்கு ஒருவராக நான்கு பாடகர்கள், புல்லாங்குழல், ஓபோ தமோர், கொம்பு, முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, வியலோனே (பெரிய தாழ்சுருதிக் கம்பி வாத்தியம்), ஆர்கன். இது வெறும் சமாளிப்பு அல்ல, கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நால்வரும் தனிக்குரல் பாடும் திறமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஒருவருக்குச் சளி பிடித்தால் கச்சேரியே நின்றுபோகும்.

வசதியான அளவு வேண்டுமென்றால் பாக்கையே கேட்கலாம். 1730 ஆகஸ்ட் 23 தேதியிட்டு லைப்சிக் நகர மன்றத்துக்கு அவர் கொடுத்த மனுவில், ஒரு பாடகர் குழுவுக்குப் பகுதிக்கு மூன்று பேராகக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். முதல் வயலின் 2 அல்லது 3, இரண்டாம் வயலினும் அப்படியே. இந்தக் கன்டாட்டாவுக்கு 12 பாடகர்கள், 2–2–1–1–1 என்ற கம்பிக் குழு, மூன்று காற்று வாத்தியங்கள், ஓர் ஆர்கன் என 23 பேர் இருந்தால் திருப்தியாகச் செய்யலாம். 30 பாடகர்களைத் தாண்டினால் முதல் பாகத்தில் புல்லாங்குழல் கேட்காது. குழல் கேட்காவிட்டால் அந்தப் பாகத்தின் உயிரே போய்விடும்.

வாத்தியங்களில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓபோ தமோர், சாதாரண ஓபோவைவிட ஒரு மைனர் மூன்றாமிடம் தாழ்வாக ஒலிப்பது. அச்சிட்ட பார்ட் சில பதிப்புகளில் ஒலிக்கும் சுருதியிலேயே இருக்கும், சிலவற்றில் வாசிப்பவருக்கு வசதியாக மாற்றி எழுதப்பட்டிருக்கும். முதல் பாகத்தின் கீ சிக்னேச்சரைப் பாருங்கள். ஒரு ஷார்ப் இருந்தால் ஒலிக்கும் சுருதி. இரண்டு ஃபிளாட் இருந்தால் மாற்றி எழுதியது. டூயட்டில் முறையே இரண்டு ஷார்ப், ஒரு ஃபிளாட். இதைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டு, ஒத்திகையில் பயங்கரமாக ஒலித்த பிறகு வாசிப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. தமோர் கிடைக்காவிட்டால் சாதாரண ஓபோ வாசிக்கலாம். பார்ட்டில் மிகத் தாழ்ந்த ஸ்வரங்களை முன்கூட்டியே வட்டமிட்டு, எட்டாதவற்றுக்கு என்ன செய்வது என்று வாசிப்பவரோடு பேசி முடிவெடுங்கள். இங்கிலீஷ் ஹார்ன் வேண்டாம். அதன் கனத்த குரல் டூயட்டில் ஆல்டோவை விழுங்கிவிடும்.

கொம்பின் வேலை சோப்ரானோவின் கோரல் மெட்டைத் தாங்கிப் பிடிப்பது, அவ்வளவே. வேட்டைக் கொம்பின் முழக்கம் இதில் கிடையாது. வால்வு இல்லாத இயற்கைக் கொம்பின் கீழ்ப்பகுதியில் அடுத்தடுத்த ஸ்வரங்கள் கிடைக்காது. இந்த மெட்டோ படிப்படியாக நகர்வது. ஆகவே வால்வுள்ள நவீன கொம்பை எடுங்கள், அல்லது மரக் கோர்னெட் (விரல் துளைகள் உள்ள பழைய ஊதுகுழல்) வாசிப்பவர் கிடைத்தால் விடாதீர்கள். டிரம்பெட் கடைசிப் பட்சம். வாசிப்பவருக்கு ஒரே கட்டளை: சோப்ரானோவின் சொற்கள் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்கள் அதிகமாக ஊதுகிறீர்கள்.

சுருதி விஷயத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நில்லுங்கள். மரத்தாலான பரோக் குழல் 415இல் (‘ஏ’ ஸ்வரம் 415 ஹெர்ட்ஸ் என்ற பழைய, தாழ்ந்த சுருதியில்) வந்தால் ஆர்கன், ஓபோ எல்லாமே 415. நவீன வாத்தியங்கள் என்றால் எல்லாமே 440. பாக் காலத்து லைப்சிக் ஆர்கன்கள் மற்ற வாத்தியங்களைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்வாக இருந்ததால் ஆர்கன் பார்ட்டை ஒரு ஸ்வரம் இறக்கி எழுதினார்கள். மூலப் பிரதிகளிலிருந்து அச்சடித்து எடுப்பவர்கள் ஆர்கன் பார்ட்டு எஃப் மேஜரில் இருந்தால் திகைக்க வேண்டாம். அதை அப்படியே இன்றைய ஆர்கனில் வாசிக்கவும் வேண்டாம்.

ஒத்திகையைக் கடைசிப் பாகத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் ஒத்திகைக்கு 90 நிமிடம் வையுங்கள். நிறைவுக் கோரலோடு தொடங்குங்கள். மெட்டு எல்லோருக்கும் மனப்பாடம் ஆகவேண்டும், பேஸ் பாடுபவர்களுக்கும்கூட. முதல் பாகத்தில் வயலின்கள் வாசிக்கும் கருப்பொருள் இந்த மெட்டிலிருந்து பிறந்தது. மெட்டு காதில் இருப்பவருக்குத்தான் அந்த உறவு கேட்கும்.

பாட்டின் அமைப்பு எளிது. இரண்டு அடிகள், அதே மெட்டில் இன்னும் இரண்டு அடிகள், பிறகு புது மெட்டில் நான்கு அடிகள். கீழ் டியில் ஆரம்பித்து ஜிக்குத் தாவி, அங்கிருந்து ஏ, பி, சி என்று படியேறும். இந்த முதல் டிதான் சோப்ரானோவுக்குத் தொல்லை. அது அவர்கள் குரலின் அடித்தளத்தில் இருக்கிறது, பீட்டுக்கு முன்னே வரும் எடுப்பு ஸ்வரம் வேறு. “வஸ்” என்ற சொல் காணாமல் போய், பாட்டு “கொட் டூட்” என்று தொடங்குவது போலக் கேட்கும். மருந்து: சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள், “வ”வை ஒரு கணம் முன்னாலேயே உதட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பல்லும் கீழுதடும் சேரும் ஜெர்மன் வ அது. கொம்பு அந்த டியை மற்ற ஸ்வரங்களைவிட மென்மையாக எடுக்கட்டும்.

அரை மணி நேரத்தை உச்சரிப்புக்கே ஒதுக்குங்கள். தமிழ் நாவுக்குச் சில பழக்கங்கள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டு திருத்தினால் போதும்.

மெய்யில் முடியும் சொல்லின் பின்னால் நாம் அறியாமல் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடுவோம். “இஸ்ட்” என்பது “இஸ்ட்டு” ஆகும், “கொட்” என்பது “கொட்டு” ஆகும். ஒருவர் செய்தால் தெரியாது. பன்னிரண்டு பேர் செய்தால் ஒவ்வோர் அடியின் முடிவிலும் கூடுதலாக ஓர் அசை கேட்கும். “கொட் டூட்” பாடும்போது இரண்டு ட்களுக்கும் நாக்கு ஒரே முறை மேலே போய், ஒரு கணம் நின்று, ஒரே முறை இறங்க வேண்டும். அதோடு ஜெர்மன் ட்டுக்கு நாக்கை மடிக்கக் கூடாது. நுனி மேல்பல் ஈறில் பட்டால் போதும்.

குறில் நெடில் நமக்கு இயல்பாக வருவது, அதை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் சரணத்தில் “ஏர் இஸ்ட் மைன் கொட், தேர் இன் தேர் நோட்” என்று வருகிறது. கடவுள் என்னும் “கொட்” குறில், இக்கட்டு என்னும் “நோட்” நெடில். எதுகையாக அமைந்ததாலேயே இரண்டையும் ஒரே அளவாகப் பாடிவிடுவார்கள். கொட் சுருக்கமாக, திடமாக, நோட் நீண்டு. இந்த வித்தியாசம் ஒன்று சரியாக வந்தாலே அந்த அடிக்குப் பொருள் வந்துவிடும். கடைசிச் சரணத்தின் “நோட், டோட் உன்ட் ஏலென்ட்” என்பதில் மூன்று சொற்களுமே நெடிலில் தொடங்குபவை. வறுமை, சாவு, துன்பம். மூன்றையும் அவசரப்படுத்தாமல் பாடுங்கள்.

“எர்ஷுட்ரெ”, “ஃபேட்டர்லிஹ்” போன்றவற்றில் வரும் உயிர்களைத் தமிழ் எழுத்தில் எழுத முடியாது. முன்னதற்கு உதட்டை உகரத்துக்குக் குவித்து, உள்ளே இகரம் சொல்லுங்கள். “சைன்” என்று எழுதிக் காட்டினாலும் முதல் ஒலி தேனீயின் ரீங்காரம். தொண்டை அதிர வேண்டும்.

கோரலுக்குத் திரும்புவோம். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஃபெர்மாட்டா குறி இருக்கும். அதைக் கண்டதும் எல்லோரும் நீட்டி நிறுத்துவார்கள். அது அடி முடிகிறது என்று காட்டும் அடையாளம், நிறுத்தச் சொல்லும் ஆணை அல்ல. இந்தச் சரணத்தில் நிறுத்தினால் வாக்கியமே உடைந்துபோகும். மூன்றாம் அடி “என்னைக் கரடுமுரடான பாதையில்” என்று நிற்கிறது. நான்காம் அடிதான் “வறுமையும் சாவும் துன்பமும் துரத்தினாலும்” என்று முடிக்கிறது. “பான்” என்ற சொல்லில் ஃபெர்மாட்டா இருக்கிறதே என்று இரண்டு பீட் நிறுத்தினால் பாதையில் நடப்பது என்னவென்றே தெரியாது. அதே போல ஐந்தாம் அடி “மிஹ்” என்று, அதாவது “என்னை” என்று முடிகிறது. “தகப்பனைப் போலத் தம் கரங்களில் தாங்குவார்” என்பது அடுத்த இரண்டு அடிகளில். இந்த இரண்டு இடங்களிலும் மூச்சு எடுக்கலாம், பீட் நிற்கக் கூடாது.

முதல் பாகம்: பாடுபவர்கள் விருந்தாளிகள்

இந்தப் பாகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். கோரஸ் பாடல் என்று நினைத்து நடத்துநர் பாடகர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். உண்மையில் இது ஒரு வாத்திய கன்சர்ட்டோ, அதாவது தனி வாத்தியங்களும் வாத்தியக் குழுவும் மாறி மாறி வாசிக்கும் படைப்பு. குரல்களை எடுத்துவிட்டாலும் தன் காலிலேயே நிற்கும். கம்பி வாத்தியங்கள் 16 பார்களில் ஒரு கருப்பொருளை முழுமையாகச் சொல்லி முடிக்கின்றன. அது முடிந்தது என்று நினைக்கும்போது குழல், ஓபோ தமோர், வயலின் மூன்றும் தனியாகப் பேசத் தொடங்குகின்றன. ஓபோ அந்தக் கருப்பொருளை எடுக்க, குழல் அதன்மேல் ஓடுகிறது. மூன்று பார் கழித்துத்தான் குரல்கள் நுழைகின்றன, அதுவும் எளிய கோரலோடு.

நம்பிக்கையைப் பற்றிய இந்தச் சரணத்தை பாக் எப்படிப் பார்த்தார் என்பது இங்கே தெரிகிறது. உலகம் தன் போக்கில், சீராக, இடையறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதக் குரல் அதற்குள் வந்து நான்கு சொல் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. அந்த ஓட்டத்தை அது நடத்தவில்லை, அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. எனவே வேகத்தைத் தீர்மானிப்பது குழலும் கண்டினுவோவும்தான் (செல்லோவும் ஆர்கனும் சேர்ந்து வாசிக்கும் அடித்தளப் பகுதி). பாடகர்கள் நுழையும்போது தாளம் கொஞ்சம் கனத்துப் பின்தங்கினால் பாட்டின் பொருளே தலைகீழாகும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். மெட்ரோனோமைக் கால் ஸ்வரத்துக்கு 60இல் வைத்துப் படியுங்கள். பாடகர்கள் உட்கார்ந்து, குழல் பகுதியை ஒருவர் பியானோவில் வாசிக்க, முதல் இரண்டு அடிகளை மட்டும் எடுங்கள். சரியானதும் 72, பிறகு 80. மேடைக்கு 76க்கும் 84க்கும் நடுவே எங்காவது நிற்கும். குழல் வாசிப்பவர் எங்கே தெளிவாக வாசிக்கிறாரோ அதுதான் எண். அதற்கு மேல் போனால் ஸ்வரங்கள் மங்கும், 70க்குக் கீழே போனால் அடிகளுக்கு இடைப்பட்ட வாத்தியப் பகுதிகள் தொய்யும்.

முதல் இரண்டு அடிகளுக்கான இசை மூன்றாம், நான்காம் அடிகளுக்கு அப்படியே திரும்பி வருகிறது. ஒத்திகையில் இது பாதி வேலையை மிச்சப்படுத்தும், மேடையில் ஆபத்து. திரும்பி வரும்போது யாராவது மறுபடி “வஸ் கொட் டூட்” என்று தொடங்கிவிடுவார்கள். “வீ ஏர் ஃபெங்ட்” என்ற சொற்களை வண்ணப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்.

நுழைவுகளை எண்ணிக்கொண்டிருப்பதை நம்பாதீர்கள். அடிகளுக்கு இடையே பார்களை எண்ணும்போது மூன்றாவது இடைவெளிக்குள் யாருக்காவது கணக்குத் தப்பும். ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய இரண்டு பார்களில் ஓபோவோ வயலினோ வாசிப்பதைச் சிறிய ஸ்வரங்களாகப் பாடகர் நோட்டில் எழுதிக் கொடுங்கள். காதால் நுழையட்டும். இதற்கு நடத்துநருக்கு ஒரு மாலை வேலை பிடிக்கும். நான்கு ஒத்திகைகளில் அது திரும்பக் கிடைக்கும்.

கடைசி நான்கு அடிகளில் சேர்க்கை மாறுகிறது. எல்லா வாத்தியங்களும் சேர்ந்து வருகின்றன, குழலும் ஓபோவும் மாறி மாறிப் பேசுகின்றன. இந்தப் பகுதிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். கடைசியில் வரும் வாத்திய முடிவுரை தொடக்கத்தின் மறுபதிப்பு அல்ல, அதைவிடப் பின்னலானது. வயலின் வாசிப்பவர்கள் “முதலில் வந்ததுதானே” என்று பாராமல் விட்டுவிடும் இடம் அது.

ரெசிட்டேட்டிவ்கள்

இரண்டும் வெறும் கண்டினுவோவோடு வருபவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம். பாடுபவர் முதலில் சொற்களைப் பத்து முறை பேச்சாகச் சொல்லிப் பழக வேண்டும். ஸ்வரத்தின் கால அளவை எண்ணிப் பாடினால் கேட்பவர் தூங்கிவிடுவார். ஸ்கோரில் பேஸ் வரி நீண்ட ஸ்வரங்களாக இருந்தாலும் ஆர்கனும் செல்லோவும் அடித்துவிட்டுச் சீக்கிரம் விட்டுவிடுவது அக்கால வழக்கம். சொற்கள் தெளிவாகக் கேட்கும். வாக்கிய முடிவில் ஒரே சுருதியில் இரண்டு ஸ்வரங்கள் வந்தால் முதலாவதை ஒரு படி மேலே எடுத்து இறக்குவது பெரும்பாலான இடங்களில் பொருந்தும்.

இரண்டிலும் கடைசிச் சொல்லை பாக் நீண்ட ஓட்டமாக விரிக்கிறார். பேஸுக்கு “வென்டென்”, அதாவது துன்பத்தை “திருப்ப” வல்லவர் என்பதில் வரும் திருப்பம். ஆல்டோவுக்கு “எர்ஷைனெட்”, கடவுளின் உண்மை உள்ளம் “தோன்றுகிறது”. பேச்சு நடையிலிருந்து பாட்டு நடைக்கு இங்கே மாறுகிறோம் என்று செல்லோ வாசிப்பவருக்குக் கண்ணால் சொல்லுங்கள். ஓட்டம் முடிந்ததும் அடுத்த பாகம் தாமதமின்றி ஆரம்பிக்க வேண்டும். பக்கம் புரட்டும் சத்தத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். ஆல்டோ “அல்லே டாகெ… ஈரெ ஐக்னெ ப்லாகெ” என்று பாடும் இடம்தான் வேதபாடத்தின் “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு”. அந்த இரண்டு வரிகளை மட்டும் சற்று நிதானமாக, அருகில் இருப்பவரிடம் சொல்வது போலப் பாடினால் போதும்.

டெனர் ஆரியா: குழலின் மூச்சு

இ மைனர், எட்டில் மூன்று தாளம். “கலங்கிய ஆத்துமாவே, நடுங்காதே, சிலுவையின் பாத்திரம் கசந்தாலும். கடவுள் ஞானமுள்ள வைத்தியர், கொல்லும் விஷத்தை உனக்கு ஊற்றித் தர மாட்டார், இனிப்பு உள்ளே மறைந்திருந்தாலும்.” முழுக் கன்டாட்டாவிலும் கடினமான வாத்தியப் பகுதி இந்தக் குழல்தான். அந்த இலையுதிர்காலத்து லைப்சிக் கன்டாட்டாக்களில் குழலுக்குத் தொடர்ந்து பெரிய பகுதிகள் வருவதைப் பார்த்தால் பாக்கின் கையில் நல்ல குழல்காரர் ஒருவர் இருந்திருக்கிறார்.

தவறு நடக்கும் இடம் மூச்சு. நீண்ட ஓட்டங்களில் வாசிப்பவர் பார் கோட்டில் மூச்செடுப்பார், அடுத்த பாரின் முதல் பீட் தாமதமாகும், டெனர் தடுமாறுவார். மூச்சைப் பாரின் முதல் ஸ்வரத்துக்குப் பிறகு எடுங்கள். பலமான ஸ்வரம் நேரத்தில் விழுந்துவிடும், அதை ஒரு கணம் முன்னதாக விட்டால் யாருக்கும் தெரியாது. எங்கெல்லாம் என்று முதல் வாரமே குறித்து, டெனரின் நோட்டிலும் அதே குறிகளை இடுங்கள். இருவரும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வேண்டியதில்லை, ஒருவர் எடுப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது ஒலி அளவு. குழலின் கீழ்ப்பகுதி மெல்லியது, மரக் குழல் என்றால் இன்னும் மெல்லியது. ஆர்கனில் எட்டடி கெடக்ட் என்ற மென்மையான குழாய் வரிசை ஒன்று மட்டும் போதும். வியலோனே இந்தப் பாகத்தில் வாசிக்காமல் இருந்தால் நல்லது, செல்லோ மட்டும் போகட்டும். குழல்காரரை டெனரின் பக்கத்தில் முன்னால் நிறுத்துங்கள், வாத்தியக் குழுவின் நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

டெனருக்கு ஒரு சொல். “எர்ஷுட்ரெ” என்றால் நடுங்கு. ஆனால் வரி சொல்வது “நடுங்காதே”. நடுக்கத்தை வரையும் வேலையைக் குழலும் மெட்டும் பார்த்துக்கொள்ளும். குரலும் சேர்ந்து நடுங்கினால் ஆறுதல் சொல்ல ஆள் இல்லாமல் போகும். நோயாளியின் கட்டிலருகே நிற்பவரின் நிதானம் அந்தக் குரலில் இருக்க வேண்டும்.

டூயட்

பி மைனர். சோப்ரானோ, ஆல்டோ, குழல், ஓபோ தமோர், கண்டினுவோ என ஐந்து கோடுகள், எல்லாம் சம மதிப்புள்ளவை. ஐந்து பேரும் அரைவட்டமாக ஒருவரை ஒருவர் பார்த்து நின்று, நடத்துநர் இல்லாமல் பயிற்சி செய்யட்டும். “சிலுவையின் கசப்பு மாம்சத்தின் பலவீனத்தோடு போராடினாலும், இருந்தும் நன்றே செய்யப்பட்டது” என்பது முதல் மூன்று அடி. இதில் “இருந்தும்” என்ற “தென்னொஹ்” இல்லாவிட்டால் முழுப் பாட்டும் வெறும் சமாதான வார்த்தையாகிவிடும். முதல் அசைக்கு அழுத்தம். இரண்டு பாடகிகளும் அதை ஒரே விதமாகச் சொல்லும்வரை பேச்சாகவே பழகுங்கள்.

இங்கே வழக்கமாகச் சுருதி இறங்கும். அரை ஸ்வர நகர்வுகளில் பாடகிகள் ஒருவரை ஒருவர் கேட்டு இருவருமாகத் தாழ்ந்து போவார்கள். செல்லோவோடு மட்டும் ஒரு முறை, ஓபோவோடு மட்டும் ஒரு முறை பாடிப் பாருங்கள். எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஒத்திகை நாட்கள், மேடை

ஆறு ஒத்திகைகள் போதும். முதலாவது கோரலும் உச்சரிப்பும். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் பாகம், பாடகர்கள் மட்டும் பியானோவோடு. நான்காவது வாத்தியங்கள் மட்டும்: ஒரு மணி நேரம் முதல் பாகம், அடுத்த ஒரு மணி நேரம் ஆரியாவும் டூயட்டும் தனிக்குரல்களோடு. ஐந்தாவது எல்லோரும். ஆறாவது பாடப்போகும் இடத்திலேயே, நிறுத்தாமல் முழுவதும், வரிசைப்படி.

வரிசைப்படி ஓட்டிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முதல் பாகம் முடிந்ததும் வயலின்களும் வியோலாவும் கொம்பும் ஐந்தாம் பாகம் முடியும்வரை சும்மா இருக்கின்றன. ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். அதற்குள் நரம்புத் தந்திகள் நகர்ந்திருக்கும், கொம்பு குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும். பிறகு கோரலின் முதல் ஸ்வரத்தை எல்லோரும் ஒன்றாக எடுக்க வேண்டும், கொம்புக்கு அது அந்தக் கீழ் டி. டூயட்டின் கடைசி அரை நிமிடத்தில் கொம்பு வாசிப்பவர் சத்தமில்லாமல் வெறும் காற்றை உள்ளே ஊதிச் சூடேற்றட்டும். வயலின்கள் டூயட் முடிந்ததும் ஆர்கன் கொடுக்கும் ஒரே ஒரு ஏவில் சரிபார்த்துக்கொள்ளட்டும், பத்து வினாடிக்குள். உட்கார்ந்திருக்கும் பாடகர்கள் எழுந்து நிற்கும் நேரமும் அதுவே. நாற்காலிச் சத்தத்தில் சுருதிச் சத்தம் மறைந்துவிடும்.

நிறைவுக் கோரலை முதல் பாகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக எடுக்கலாம். கடைசி அடி “த்ரும் லஸ் இஹ் ஈன் நூர் வல்டென்”, ஆகவே அவரே ஆளட்டும். இங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் உருக்கமாக முடிக்கத் தோன்றும். “வல்டென்” வரைக்கும் அதே நடையில் போங்கள். கடைசிச் சொல்லின் முதல் அசையில் மட்டும் சற்றே அகலம் கொடுங்கள், “டென்” எழுத்தை அழுத்தாமல் விடுங்கள். அதன் கடைசி ன்னை எல்லோரும் நாக்கு நுனியில் பிடித்திருக்க, முதலில் கொம்பு நிற்கட்டும், பிறகு குரல்கள், கடைசியாக ஆர்கனின் கை. கூடம் அந்த ஒலியை விழுங்கி முடிக்கும்வரை நடத்துநரின் கை கீழே இறங்கக் கூடாது.